வாசல் காத்த தாச்சாத்

எங்கள் கியூம்ரி ஊரில் அந்த நாவலைப் படிக்காதவன் கிடையாது. எழுதியவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழாம் வகுப்பில் பாடம், கல்யாணத்தில் வசனம், சண்டையில் வசவு எல்லாம் இன்னும் அவர் புண்ணியம்தான். அதில் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடும் துரோகியின் பெயர் தாச்சாத். என் பக்கத்து வீட்டுக்காரன் பெயரும் அதுதான்.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். வேண்டாம் என்று ஊரே தடுத்தபோது, "எங்கப்பா யார் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாரு?" என்று கேட்டு அவன் அப்பா வைத்த பெயர் அது.

ஏழாம் வகுப்பில் அந்த அத்தியாயம் வந்த அன்று, "கதவைச் சாத்துங்கடா, தாச்சாத் வர்றான்!" என்று முதலில் கத்தியவன் நான்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு அவன் எங்கே நுழைந்தாலும் அதே கூச்சல்.

பதினெட்டு வயதில் பதிவு அலுவலகத்து அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். "ஒரு கையெழுத்துப் போடு தம்பி, பேரை மாத்திடலாம். நிம்மதியா இருப்பே."

"புஸ்தகத்துல மாத்தச் சொல்லுங்க. அவர் அதை எழுதுறப்பவே எங்க தாத்தாவுக்கு ஏழு வயசு."

அதோடு விட்டானா? காலுறை ஆலைக்குப் போய் வாயிற்காவலன் வேலையைத்தான் கேட்டு வாங்கினான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. முப்பத்தோரு வருஷம் அந்த வாசலைக் காத்தான். அனுமதிச் சீட்டை மறந்து வந்த மேலாளரையே பனியில் நிற்க வைத்தான். "நீங்க யாருன்னு தெரியும் சார். சீட்டு எங்கே?"

வேடிக்கை என்னவென்றால், அந்த நாவலை அவனளவுக்குப் படித்தவன் ஊரில் இல்லை. காவல் அறையில் அட்டை கிழிந்த பிரதி ஒன்று எப்போதும் கிடக்கும். "நல்லா எழுதித் தொலைச்சிருக்கான் பாவி," என்பான். "சுமாரா எழுதியிருந்தா என்னை எப்பவோ விட்டிருப்பீங்க."

போன மாதம் அவன் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தன் பெயர் தன்னோடு போய்விடக் கூடாது என்று அவனுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெயரைப் பதிய நானும் கூடப் போயிருந்த இடத்தில் மருமகள் லூசிக்கிடம், "வேற பேர் வைம்மா. நான் பட்டது போதும்," என்றான். யாருக்கும் பணியாதவன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

லூசிக் பள்ளியில் இலக்கிய ஆசிரியை. "மாமா, அந்தப் புஸ்தகம் இன்னும் நூறு வருஷம் இருக்கும். இருக்கட்டும், நல்ல புஸ்தகம். நம்ம பேரும் இருக்கட்டும்," என்றாள்.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுக்குங்கம்மா. ஏழாம் வகுப்புல பசங்க சும்மா விடமாட்டாங்க."

"ஏழாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர்."

தாச்சாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போனான். "எழுதுங்க சார். தாச்சாத். நல்லாப் பெரிசா எழுதுங்க."

அவர்கள் வெளியே வர, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது நான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டும்போது தாச்சாத் நின்றான்.

"பாத்துடா," என்றான். "கதவைத் திறந்தவன்னு நாளைக்கு உன் பேரை எழுதிடப் போறாங்க."