ஸ்டூலில் வைத்த பலாச்சுளை

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காரணம் ஓர் அணில். சிரிக்காதீர்கள்... முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தங்கப்பாண்டி ராஜபாளையத்தில் என்னோடு பள்ளியில் படித்தவன். வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு. அங்கிருக்கும் வீட்டில் இரண்டு அறைகளுக்கு ஏசி மாட்டி, ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் பெருமை சாம்பல் அணில். பூனையளவு உடம்பு, அதைவிட நீளமான வால். மரத்துக்கு மரம் தாவியே காலம் தள்ளும். லேசில் தரைக்கு வராது. ராஜபாளையத்துக்குப் பெருமை எதுவென்று நான் சொல்ல வேண்டுமா — வெள்ளை வேட்டை நாய். தங்கப்பாண்டியின் தோப்பில் இரண்டுமே உண்டு. நாயின் பெயர் சீனி.

எப்படி ஒத்துப்போனது என்கிறீர்களா? அணில் மேலே, நாய் கீழே. அவ்வளவுதான் ஏற்பாடு.

ஞாயிறன்று நான் போனபோது சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கையில் பெரிய கேமரா. விருந்தாளிகளுக்கு அணிலைக் காட்டுவதற்காகத் தங்கப்பாண்டி தோப்பிலிருக்கும் புளியமரத்தின் உயரக் கிளையில் பலாச்சுளை கட்டி வைப்பது வழக்கம்.

"இலை மறைக்குதே... கொஞ்சம் இறக்கி வைக்கலாமா?" என்றார் கணவர்.

இறக்கினான். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் வைத்தாயிற்று. கெஸ்ட் கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அந்த அம்மாவுக்கு நாய்கள் என்றால் உயிர். அபார்ட்மென்ட் வாசலில் தெருநாய்களுக்கு தினமும் சோறு வைப்பவராம். வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடந்த சீனியைப் பார்த்து மனசு கேட்கவில்லை.

"பாவம்ங்க, கொஞ்ச நேரம் அவுத்து விடுங்களேன்."

"செத்த நேரம் பொறுங்க மேடம். அணில் வந்துட்டுப் போவட்டும்" என்றான் தங்கப்பாண்டி.

அணில் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நானும் மொபைலைத் தூக்கியிருந்தேன். தலைகீழாக இறங்கி, ஒருமுறை தயங்கி, ஸ்டூலில் கால் வைத்தது.

அந்த அம்மா மட்டும் வீட்டுக்குப் பின்னால் போயிருக்கிறார். சீனி அவர் கையை நக்கியிருக்கிறது. இவ்வளவு சாதுவா என்று கட்டை அவிழ்த்துவிட்டார்.

வெள்ளையாக ஏதோ என்னைத் தாண்டிப் போனது. ஸ்டூல் உருண்டது. ஒரு கிறீச்சல். தங்கப்பாண்டி ஓடிப்போய் சீனியின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அணில் பின்னங்காலை இழுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறி, உச்சியில் மறைந்துவிட்டது. ஸ்டூலில் ரத்தம்.

வனத்துறைக்குச் சொன்னோம். வந்தவர்கள் நெடுநேரம் தேடினார்கள்; தென்படவில்லை. இனி பழம் எதுவும் வைக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனார்கள்.

"நான் நல்லதுதானே நினைச்சேன்?" என்று அந்த அம்மா அழுதார்.

உண்மைதான். யார்தான் கெட்டது நினைத்தோம்? பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டுபவர்களும் பிரியத்தில்தான் நீட்டுகிறார்கள். நம் பிரியம் கிட்டத்தில் நடக்க வேண்டும், போட்டோவில் விழ வேண்டும். மலையைத் தேடி வந்த நமக்காக அணில் மரம் இறங்க வேண்டும்... அதற்கு என்ன அவசியம், சொல்லுங்கள்?

புதன்கிழமை தங்கப்பாண்டி போன் செய்தான்.

"ஏலே, சீனியை யாருக்காவது குடுத்துரலாமான்னு பாக்கேன்."

"அது என்னலே தப்புப் பண்ணிச்சு?"

குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஒரே ஒரு தடவை பழம் வச்சுப் பாப்பமா? உசுரோட இருந்தா வந்துரும்லா. எனக்கு ஒறக்கமே இல்லலே."

எனக்கு மட்டும் இருக்கிறதா? வை என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அது பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. அதற்கு? காலை இழுத்துக்கொண்டு மறுபடி கீழே வர வேண்டும்.

"வைக்காதலே."

"அப்பொ எப்படித் தெரியும்?"

"தெரியாது."

போனை வைத்துவிட்டான். பழமும் வைக்கவில்லை. சீனி அங்கேயேதான் இருக்கிறது. நேற்று அறை புக் செய்ய வந்த ஒருவர் அணில் கட்டாயம் வருமா என்று கேட்டாராம். "அது நான் வளக்குறது இல்ல சார். வந்தா வரும்" என்று சொல்லியிருக்கிறான். அவர் புக் செய்யாமலே போய்விட்டார்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் எனக்காகப் புளியமரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்... வெறுங்கையோடு.