நிரந்தர முகவரி

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒன்பது வருடங்களில் ஐந்து வாடகை வீடுகள் மாறியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் சொந்த வீட்டில் இராணுவம் இருந்தது. சேமிப்பை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் வாடகை கட்டிவந்தோம். இப்படியே இருந்தால் முதலுக்குச் சேதமில்லை என்பது என் கணவரின் கணக்கு. கணக்கு சரிதான். எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்து இரண்டு நாள் தங்கினாலும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் டிவியில் செய்தி பார்த்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.

"இனி ஒருத்தரிட்டயும் கையெழுத்துக்குப் போய் நிக்க மாட்டன்" என்று சண்டை பிடித்து, வங்கிப் பணம் முழுவதையும் எடுத்து, என் நகைகளையும் விற்று, மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் வாங்க வைத்தேன்.

குடிவந்த மாதமே பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். கேட்கும் முன்பே வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி அதைத் தொடவேயில்லை. அடையாள அட்டையைப் பார்த்து, நிரந்தர முகவரி என்ற இடத்தில், நாங்கள் கிட்டவும் போக முடியாத அந்த யாழ்ப்பாணத்து வீட்டை எழுதினார். பிறகு சிங்களத்தில், மரியாதையாகத்தான், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார்.

அவர்கள் இறங்கிப் போனதும் கணவர் கதவைச் சாத்தினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"வாடகைக்கு இருக்கேக்கையும் இதைத்தான் கேட்டவங்கள்" என்றார். "அப்ப வட்டியாவது வந்தது."