காணுமோ அண்ணை?

செல்லத்துரை அண்ணை போய்விட்டார் என்று அரியாலையிலிருந்து அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து சொன்னபோது, "சும்மா கதையாதை" என்றேன். முதல்நாள்தான் சுன்னாகம் சந்தையில் என் வழுக்கையை நக்கலடித்துவிட்டுப் போன மனிதர்.

அவர் கையால் வாங்கிக் குடித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். கரண்டும் ஐஸும் இருந்த காலத்தில், கலியாணம், கார்னிவல், கிளப் விருந்து என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் குடிவகைக் கவுண்டர் போடுகிற கம்பனி ஒன்றில் இருவரும் ஒன்றாக நின்றோம். அவர் சாராயம் ஊற்றுவார், நான் சோடா உடைப்பேன். வந்தவர் "காணும், போதும்" என்கிற வரைக்கும் ஊற்றுவது வழக்கம். வெறி ஏறியவரைக்கூட அண்ணை நிறுத்தச் சொன்னதில்லை. போத்தலைச் சரிக்காமல் பிடித்துக்கொண்டு, "காணுமோ அண்ணை?" என்று மெல்லக் கேட்பார். அந்த ஆளே "ஓம், காணும்" என்று விலகிவிடும். "மனிசனை மறிக்காதை, கேள்" என்பார் என்னிடம்.

என் தங்கையின் கலியாண எழுத்துக்கு இணுவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் கவுண்டர் போட்டோம். எங்கள் ஐயா குடிக்கிறவர். "தகப்பன் வெறியிலை நிண்டால் கையெழுத்து இல்லை" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னமே சொல்லியிருந்தார். பதிவுகாரர் வரப் பிந்தியது. ஐயா நேரே கவுண்டருக்கு வந்து நின்றார். பெற்ற தகப்பனை எப்படி மறிப்பது?

அண்ணை, நாங்கள் குடிக்க வைத்திருந்த பால் விடாத ஆறிய பிளேன்ரீயைக் கிளாசில் விட்டு, சோடா கலந்து, ஐஸ் போட்டு நீட்டினார். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"காணுமோ அண்ணை?"

ஐயா தங்கை இருந்த அறைப்பக்கம் திரும்பினார். "ஓம் தம்பி, உது காணும்."

பெரியப்பாவுக்குச் சந்தேகம். "சம்பந்தி குடிக்கிறதையே எனக்கும் ஊத்தும்" என்று வந்தார். ஊற்றிக் கொடுத்தார் அண்ணை. முதல் வாயில் அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மனிதர் கிளாசை முடித்துவிட்டு, ஐயாவின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போனார். கையெழுத்து நடந்தது. தங்கைக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். கோபக்காரன் நான், வீட்டில் வாய் தடிக்கிறபோதெல்லாம் அதை என்னிடமே கேட்டுக்கொள்வதுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

செத்தவீட்டில் மருமகன் எனக்குப் பிளேன்ரீ ஊற்றினான். கிளாஸ் நிரம்பிவிட்டது.

"காணுமோ அண்ணை?" என்று கேட்டான்.

"காணாது தம்பி" என்றேன். "காணவே காணாது."