தகப்பன் இல்லாத முட்டை

முட்டைகளைக் கண்டதும் எனக்கு வந்தது ஒரே கேள்விதான்: இவற்றுக்குத் தகப்பன் எங்கே?

கிணற்றடிச் சருகுக்குள் பிடித்த சிலந்தி அது. எள்ளளவுதான், செம்மஞ்சள் நிறம். ஜாம் போத்தலில் தனியாக இருந்தது. இப்போது ஈரக் காகிதத்தில், மெல்லிய நூலுக்குள், இரண்டு வெள்ளை முட்டைகள். ஆண் இல்லாமலே பெருகும் சிலந்திகள் சில உண்டென்று வாசித்திருந்தேன். அதில் ஒன்று எங்கள் கிணற்றடியிலேயே! குசினிக்கு ஓடிப்போய், சமைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"எடி விசரி, நீ பிடிக்க முதலே அவ கலியாணம் முடிச்சிருப்பா."

சொன்னது சரிதான். ஒருமுறை ஆணோடு சேர்ந்த சிலந்தி நெடுநாள் கழித்தும் முட்டையிடும். ஆகவே முட்டைகள் பொரித்ததும் ஒரு குஞ்சை வேறு போத்தலுக்கு மாற்றினேன். பிறந்ததிலிருந்து தனியே வளர்வது முட்டையிட வேண்டும். அந்த முட்டை பொரிக்கவும் வேண்டும். சும்மா இடுவது கணக்கில் வராது. பொரித்தால் அக்காவின் வாய் அடைபடும்.

துறைமுகத்தைப் பார்த்த என் ஜன்னலில் காற்று அதிகம். ஈரக் காகிதம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் போத்தலைச் சாமியறைத் தட்டில், படங்களுக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அம்மா சாம்பிராணி போடுமுன் எடுத்துவிடுவேன். சருகில் துள்ளும் பொடிப்பூச்சிகளைத் தின்று, தோலைக் கழற்றிக் கழற்றிக் குஞ்சு வளர்ந்தது. மாதங்கள் கழித்து, ஒரு வியாழன் பின்னேரம், நூலுக்குள் இரண்டு முட்டைகள்!

சந்தோஷத்தில் மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதை மறந்துபோனேன். வகுப்பு முடிந்து வரும்போது வீடெல்லாம் சாம்பிராணி மணம். சாமியறைக்கு அம்மா தாராளமாகவே புகை போட்டிருந்தார். போத்தல் வாயில் நான் கட்டியிருந்ததோ வெறும் துணி. சிலந்தி கால்களை மடக்கிக் கிடந்தது.

"சாமித் தட்டில ஆரும் பூச்சி வைப்பினமே?" என்று ஏசிய அம்மா, குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "முட்டை தப்புமே?"

"தெரியாதம்மா."

முட்டைகளைப் புதுப் போத்தலுக்கு மாற்றிக் குளியலறை ஓரத்தில் வைத்தேன். ஒன்று சுருங்கிப்போனது. மற்றது ஒரு காலையில் பொரித்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை அக்காவின் கையில் திணித்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப இதுக்குத் தகப்பன் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஓம், ஓம். ஒண்டு பொரிச்சாப் போதுமே? இதின்ர பிள்ளையும் பொரிக்கட்டும், பாப்பம்."

பார்க்கத்தான் போகிறாள். இந்தக் குஞ்சையும் தனியே வளர்ப்பேன். கிணற்றடியில் இன்னும் சிலந்திகள் பிடித்து, அவற்றின் குஞ்சுகளுக்கும் ஆளுக்கொரு போத்தல் கொடுப்பேன். ஜாம் முடிய வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் போத்தல்கள் எல்லாம் புகைக்குத் தப்பிக் கிணற்றடிக்குப் போய்விடும்.