காளவாசலில் ஒரு மோட்டார் மெக்கானிக்

நாற்பத்தேழு வயதில், விவாகரத்துக்குப் பிறகு, டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். தலையில் முடி இருந்த காலத்துப் போட்டோவைத்தான் போட்டேன். அப்படியும் பல மாதங்களாக ஒருத்தரும் சீண்டவில்லை. கடைசியில், கணவரை இழந்த ஒரு டீச்சர் பேசினார். காளவாசலில் ஒரு ஜூஸ் கடையில் சந்தித்தோம்.

என் வழுக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர், வாசலைப் பார்த்ததும் வெளிறிப்போனார். "என் கொழுந்தன்" என்று முணுமுணுத்துவிட்டு, வருகிறவன் காதில் விழும்படி, "அப்ப நாளைக்கே வந்து மோட்டாரைப் பாத்துருங்கண்ணே" என்றார்.

"காலையில வாரேன்மா" என்றேன். பல்பு மாட்டக்கூடத் தெரியாதவன் நான்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மெக்கானிக்குக்கு ஜூஸெல்லாம் வாங்கித் தர்றீகளா மதினி? கிளம்புங்க, நானே வீட்டுல விடுறேன்."

அவர் ஜூஸை அப்படியே வைத்துவிட்டு அவன் பைக்கில் ஏறினார்.

அவர்கள் போனதும், பக்கத்துக் கடையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பன் ஒருவன் ஓடிவந்து என் முதுகில் தட்டினான். "கலக்குற மாப்ள! இந்த வயசுல அம்புட்டு தைரியமா?"

அன்று மாலையே ஆப்பில் அவரைக் காணவில்லை.

எதையும் கிண்டலாக்கிவிடுகிற எனக்கு, இதை மட்டும் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முதுகில் ஒரு தட்டு கிடைத்தது. அவருக்கு வீட்டில் என்ன கிடைத்ததோ, இன்றுவரை தெரியாது.