மார்கழியில் எண்ணிய ஒழுங்கை

கடற்கரைக்கு இறங்கும் எங்கள் குறுகிய ஒழுங்கையில் வாகனம் எண்ண ஆட்கள் வந்தது போன மார்கழியில். ஒழுங்கை வாயில் கிடக்கும் வெறுங்காணியை ஒரு முதலாளி வாங்கி, மூன்று மாடிக் கடைத்தொகுதி கட்டப் போவதாகச் சொன்னார். கட்டினால் ரோட்டில் எவ்வளவு நெரிசல் வரும் என்று அறிக்கை கொடுத்தால்தான் அனுமதியாம். அதற்காகக் கொழும்பிலிருந்து இரண்டு பேர். எட்டரைக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக் கதிரைகளை வாங்கி மதிலோரம் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். நாலு மணிக்கு எழும்பிப் போவார்கள். இப்படி மூன்று நாள். சைக்கிள் போனால் ஒரு கோடு, நாய் போனால் கோடில்லை. படித்த வேலை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மார்கழியில் இந்தக் கிழக்குக் கரையில் வள்ளம் இறங்காது என்பது எனக்கே தெரியும். வாடைக் காற்றும் மழையும், பள்ளிக்கூடமும் லீவு. அவர்களின் கொழும்புப் பக்கத்துக் கடல் அந்த மாதம் படுத்துக் கிடக்கும், எங்களுடையது எழும்பி நிற்கும். ஒரு பகல் பஸ்ஸில் இருந்தால் கடந்து விடுகிற நாடு. மற்றக் கரையில் காற்று எப்படி என்று கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை.

சித்திரை பிறந்தால் இது வேறு ஒழுங்கை. விடிய நாலரைக்கே மீன் ஏற்ற வரும் லொறிகள் கரைவரை அடைத்துக்கொண்டு நிற்கும். இடுக்கெல்லாம் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள். அந்த நேரத்தில்தான் என் தங்கச்சி வெளிக்கிட வேண்டும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் மூன்று நாள், ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் இருக்க வேண்டும். பிந்தினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஒருமுறை தவறினாலே கால் வீங்கி மூச்சு முட்டும். ஓட்டோக்காரர் மூன்று தரம் ஹோன் அடிப்பார். உடனே லொறிகள் ஒவ்வொன்றாக அந்த வெறுங்காணிக்குள் ஏறி வழி விடும். ஒருவரும் எழுதி வைக்காத சட்டம், பல வருசமாகப் பிசகியதில்லை.

இதை நான் சொல்லியிருக்கலாம். கடைசி நாள், எண்ண வந்தவர்களில் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் தந்தபடி கேட்டார்:

"அம்மா, இந்த ஒழுங்கை எப்பவும் இப்பிடி அமைதிதானே?"

நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். தெரியாத ஆம்பிளைகளோடு கதைக்க இந்த வயதிலும் எனக்கு நாக்கு எழும்பாது. ஆள் போனால் போதும் என்று, "ஓம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மாசியில் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். எண்ண வந்தவர்களுக்கு மேலான இஞ்சினியர் வாசித்தார்: நெரிசல் இல்லை, காணி பாவனையில் இல்லை, அயலவரும் உறுதிப்படுத்தியுள்ளார்கள். அயலவர் என்பது நான். தங்கச்சி பக்கத்து ஆட்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கலியாணம் பேசி வந்தவைக்குக்கூட நீ இவ்வளவு கெதியா ஓம் சொல்லேல்லையே, அக்கா."

பிறகு அவளே எழும்பி, வைகாசியில் விடிய வந்து எண்ணச் சொல்லிக் கேட்டாள். நெரிசல் கூடிய நேரங்களைப் பார்த்துத்தான் செய்தது என்று இஞ்சினியர் சிரித்தார். அவர் எழும்பும் நேரம் நாட்டுக்கே நெரிசல் நேரம் போல.

அடிக்கல் நாட்ட முதலாளி நாள் பார்த்தார். வைகாசியில் ஒரு நாள், விடிய ஐந்தரைக்கு நல்ல நேரம். முதல் நாள் பின்னேரம் காணியைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அது தங்கச்சியின் ஆஸ்பத்திரி நாள்.

ஐயரை மட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். முதலாளியும் இஞ்சினியரும் வந்த ஜீப், லொறிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஓட்டோ மூன்று தரம் ஹோன் அடித்தது. லொறிகளுக்கு ஒதுங்க இடமில்லை. தங்கச்சி ஓட்டோவுக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் இறங்கி நடந்து போய் ஜீப் கண்ணாடியில் தட்டினேன்.

"தம்பி, தகரத்தைக் கழட்டச் சொல்லுங்கோ. என்ர தங்கச்சிக்குப் பிந்தினா ஏலாது."

இஞ்சினியர் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார். "அது எங்கட பொறுப்பில்லை, அம்மா" என்றார். முதலாளி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லொறிக்காரர் பொறுப்பு ஆருடையது என்று கேட்கவில்லை. நாலு தகரத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். ஐயர் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினார். அடிக்கல்லுக்கு வெட்டிய கிடங்கின் விளிம்பு வரை லொறிகள் ஏறி நின்றன. ஓட்டோ ஜீப்பைக் கடக்கும்போது தங்கச்சி தலையை நீட்டினாள்.

"எண்ணியாச்சோ, ஐயா?"

மெஷினில் அவளை ஏற்றும்போது ஆறே கால். தாதியிடம் ஏச்சு வாங்கினோம், இடம் போகவில்லை. முதலாளியின் நல்ல நேரம் ஜீப்புக்குள்ளேயே முடிந்து போனது.

அடுத்த கிழமை தகரத்தைத் திரும்ப அடித்தார்கள். ஒரு லொறி போகும் அகலத்துக்கு மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஆர் சொல்லி விட்டது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறிக்கையைத் திருத்த மறுபடி எண்ண வருவார்களாம். எப்போது என்று விசாரித்தேன். கார்த்திகைக்குப் பிறகாம்.

வரட்டும். இந்த முறை கதவுச் சீலைக்கு வெளியே நின்று சொல்வேன். சித்திரைக்குப் பிறகு, விடிய நாலரைக்கு வாருங்கோ, கதிரை தாறன். மார்கழியில் வந்தால் நின்றுகொண்டு எண்ணட்டும்.