சிம் இல்லாத சைரன்

இன்று காலை பெங்களூரு பொம்மனஹள்ளியில் என் தையல் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, பக்கத்துப் பூக்கடை மஞ்சுளாவைக் கிண்டல் செய்துகொண்டு நின்றதில், உள்ளே போய் அலாரத்தை அணைக்கும் நம்பரை அழுத்த மறந்துவிட்டேன். அலாரம் அலறியது.

"ஏனாயித்து அக்கா?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் பதறினாள் மஞ்சுளா.

"பயப்படாத. அந்த அலாரம் டப்பாக்குள்ள ஒரு சிம் இருக்கு. அது அலாரம் கம்பெனியோட கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிடும். இப்ப அங்கேருந்து எனக்கு போன் வரும் பாரு."

நான் சைரனை நிறுத்திவிட்டு வந்து, அவள் இரண்டு முழம் பூ கட்டி முடித்தும் போன் வரவில்லை.

நானே கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க டப்பா தினமும் 'நான் இருக்கேன்'னு எங்களுக்குச் சிக்னல் அனுப்பணும். நாலு மாசமா வரலை. சார்கிட்ட சொன்னோமே, பார்த்துக்கறேன்னாரே?"

சார் என்றால் என் வீட்டுக்காரர்.

ஸ்டூலில் ஏறி டப்பாவைத் திறந்தேன். சிம் இருக்கும் இடம் காலி.

அவருக்கு போன் போட்டேன். "அதுவா? அதுல நெட்டு சும்மாதானே கெடந்துச்சு! கிரிக்கெட் பாக்க என் போன்ல போட்டுக்கிட்டேன். சைரன்தான் கத்துதில்ல, அப்புறம் என்னடி?"

ஊரார் நம்பிக் கொடுத்த கல்யாணப் பட்டுகளை அந்தச் செத்த டப்பாவிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எல்லாம் தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்திருக்கிறார்.

கத்தும், ஆனால் யாருக்கும் போய்ச் சேராது. அப்படி ஒரு சைரன் இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதே அதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் போனில் எத்தனை சிம் இருக்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.